கம்பனி ஆராய்ச்சிக்கு அரச மானியம்: கொழும்பிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதத்தையே ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுகிறது. இருக்கிற பணம் கொஞ்சம் என்பதால், நல்ல யோசனை வைத்திருந்தும் விண்ணப்பம் சரியாக எழுதப்படாமல் பின்னுக்குப் போகிற சிறு கம்பனிகள் நிறைய. இந்தப் பக்கம் அவர்களுக்காக எழுதப்பட்டது.

கீழே பல இடங்களில் ஒரே உதாரணம் வரும். புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில் மிளகு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சிறு கம்பனி, முழு மிளகை நீராவியால் கிருமிநீக்கி ஐரோப்பாவுக்கு அனுப்ப நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பனி கற்பனை. அதற்கு வரும் சிக்கல்கள் எல்லாருக்கும் வருபவை.

இயந்திரம் வாங்க இந்த மானியம் கிடைக்குமா?

இயந்திரம் மட்டும் வேண்டுமென்றால் கிடைக்காது. அதற்கு வங்கிக் கடனும் குத்தகையும் இருக்கின்றன. ஆராய்ச்சி மானியம், விடை இன்னும் தெரியாத ஒரு கேள்வியைத் தீர்ப்பதற்கான செலவை ஏற்கிறது. அந்த வேலைக்கு இயந்திரம் தேவைப்பட்டால் அதுவும் செலவில் ஓர் அங்கமாக வரலாம். இந்த வரிசை தலைகீழாகிற இடத்தில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுகின்றன.

எது ஆராய்ச்சி என்பதற்கு உலகம் முழுவதும் பயன்படும் அளவுகோல் பிரஸ்காட்டி கையேடு. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு 1963இல் முதலில் வெளியிட்டது. வேலை புதிதாக இருக்க வேண்டும், வெளிப்படையாகத் தெரிந்த வழியாக இருக்கக்கூடாது, முடிவு நிச்சயமில்லாமல் இருக்க வேண்டும், திட்டமிட்டுச் செய்யப்பட வேண்டும், இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அது ஐந்து குணங்களைச் சொல்கிறது. மதிப்பீட்டாளர் முதலில் தேடுவது மூன்றாவதை.

மிளகுக் கம்பனி "நீராவிக் கிருமிநீக்கி ஒன்றை நிறுவி ஏற்றுமதியைக் கூட்டுவோம்" என்று எழுதினால் அது முதலீடு. "முழு மிளகில் நுண்ணுயிர் எண்ணிக்கையை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் அதே நேரத்தில், ஆவியாகும் எண்ணெயின் இழப்பை 10 வீதத்துக்குள் நிறுத்தும் வெப்பநிலையும் நேரமும் எவை?" என்று எழுதினால் அது ஆராய்ச்சி. சூடு கூடினால் கிருமி சாகும், வாசனையும் போகும். சூடு குறைந்தால் வாசனை நிற்கும், கிருமியும் நிற்கும். இரண்டுக்கும் இடையில் ஓர் இடம் இருக்கிறதா என்பது இந்த மிளகில், இந்த ஈரப்பதத்தில், செய்து பார்த்தால்தான் தெரியும்.

கொழும்பில் எந்தக் கதவைத் தட்டுவது?

முதல் கதவு மெயிட்லண்ட் பிளேஸிலுள்ள தேசிய விஞ்ஞான மன்றம். 1994ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க விஞ்ஞான தொழில்நுட்ப அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அடிப்படை ஆராய்ச்சி மானியத்தோடு, சந்தைக்குப் போகக்கூடிய தொழில்நுட்பத்துக்கான மானியமும் அங்கே உண்டு. இரண்டாவது தேசிய ஆராய்ச்சி சபை, 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் அரச தனியார் கூட்டு மானியத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனமும் ஒரு கம்பனியும் சேர்ந்து விண்ணப்பிக்கின்றன, கம்பனியும் தன் பங்கைப் போடுகிறது. தனி ஒருவரின் கண்டுபிடிப்பு என்றால் 1979இல் சட்டமாக்கப்பட்ட இலங்கை புத்தாக்குநர் ஆணைக்குழு பொருத்தமானது.

பணம் தராவிட்டாலும் வேலைக்குத் தேவையான இடங்கள் வேறு. பௌத்தாலோக மாவத்தையிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், நாம் ஐ.டி.ஐ. என்று சொல்வது, 1955 முதல் கைத்தொழிலுக்காகப் பரிசோதனை செய்து வருகிறது. ஏக்கலையிலுள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் இயந்திர வடிவமைப்புக்கு உதவும். நனோ தொழில்நுட்பம் என்றால் ஹோமாகமையில் ஸ்லின்டெக்.

தொகை உச்சவரம்பும் தகுதியும் ஒவ்வோர் அழைப்பிலும் மாறும். போன வருடம் நண்பர் நிரப்பிய படிவத்தைப் பிரதி எடுக்காதீர்கள். அந்த வருட வழிகாட்டியை அச்சிட்டு, "வேண்டும்", "கட்டாயம்" என்று வருகிற ஒவ்வொரு வரியையும் கோடிட்டு, பக்கத்தில் உங்களிடமுள்ள ஆவணத்தின் பெயரை எழுதுங்கள். வெறுமையாக நிற்கிற வரிகள்தான் இனி நீங்கள் ஓட வேண்டிய ஓட்டம்.

பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு போதுமா?

சில அழைப்புகளுக்குப் போதும், பலவற்றுக்கு 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிந்த கம்பனி வேண்டும். கம்பனி இருந்தாலும் வருடாந்த அறிக்கை, அதாவது படிவம் 15, நிலுவையில் கிடந்தால் அது முதலில் முடிய வேண்டும். பணிப்பாளர் ஒருவர் விலகியது பதிவாளரிடம் அறிவிக்கப்படாமல் இருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம். ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில்தான் அது தலைதூக்கும்.

பல்கலைக்கழகப் பங்காளி கட்டாயமா?

கூட்டு மானியங்களில் கட்டாயம். மற்றவற்றில் கட்டாயமில்லை, ஆனால் உங்களிடம் ஆய்வுகூடமும் ஆய்வாளரும் இல்லையென்றால் யார் வேலையைச் செய்வது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

பங்காளியைத் தேடும்போது பெயருக்காகப் பேராசிரியரைப் பிடிக்காதீர்கள். உங்கள் வேலைக்கு வாரத்தில் எத்தனை மணித்தியாலம் தரமுடியும், அந்தக் கருவி இப்போது இயங்குகிறதா, உதவி ஆய்வாளரை யார் நியமிப்பது என்று நேரே கேளுங்கள். பழுதாகி உதிரிப்பாகத்துக்காகக் காத்திருக்கிற ஒரு கருவி உங்கள் ஆறு மாதத்தைச் சாப்பிட்டுவிடும்.

விண்ணப்பத்துக்கு முன்பே இரண்டு பக்கத்தில் ஓர் உடன்படிக்கை எழுதுங்கள். கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம், கட்டுரை எப்போது வெளியிடலாம், மாணவரின் ஆய்வேட்டில் எதை எழுதலாம், பணம் யாருடைய கணக்குக்கு வரும் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். பல்கலைக்கழகத்தின் கையெழுத்து ஆட்சிக்குழு வழியாக வரவேண்டியிருந்தால் வாரங்கள் ஆகும். இறுதித் திகதிக்குப் பத்து நாள் இருக்கும்போது தொடங்குகிற உடன்படிக்கை முடியாது.

டி.ஆர்.எல். என்று கேட்கிறார்கள், என்ன எழுதுவது?

தொழில்நுட்பம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் நாசா உருவாக்கிய அளவுகோல். 1இல் அடிப்படைக் கருத்து, 3இல் கருத்து வேலை செய்யும் என்பதற்கான சோதனைச் சான்று, 4இல் ஆய்வுகூடத்தில் இயங்குகிறது, 6இல் உண்மையான சூழலுக்கு நெருக்கமான இடத்தில் மாதிரி இயங்குகிறது, 9இல் நடைமுறையில் ஓடுகிறது. இப்போது நிற்கிற படியையும் திட்டம் முடியும்போது சேருகிற படியையும் எழுதுங்கள். 2இலிருந்து 9க்கு ஒரே வருடத்தில் ஏறுவதாக எழுதினால் நம்பமாட்டார்கள். 9இல் நிற்பதாக எழுதினால் மானியம் எதற்கு என்று கேட்பார்கள்.

ஆய்வுத் திட்டத்தை எவ்வளவு நுணுக்கமாக எழுத வேண்டும்?

மாதிரிகளை எண்ணக்கூடிய அளவுக்கு. மிளகை எடுத்துக்கொள்வோம். மூன்று வெப்பநிலை, ஒவ்வொன்றிலும் மூன்று நேர அளவு, ஒவ்வொன்றையும் மூன்று தடவை என்றால் 27 மாதிரி. நீராவி காட்டாத மிளகு மூன்று சேர்த்தால் 30. ஒவ்வொரு மாதிரியிலும் மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கை, சல்மனெல்லா என்ற நோய்க்கிருமி, ஆவியாகும் எண்ணெய் என்று மூன்று பரிசோதனை செய்தால் 90. ஐந்தில் ஒன்றைத் திரும்பச் செய்ய நேரும் என்று வைத்தால் 108. இனி ஆய்வுகூடத்தின் கட்டணப் பட்டியலை எடுத்துப் பெருக்குங்கள். "பரிசோதனைச் செலவு: 5 லட்சம்" என்று உருண்டையாக எழுதியவரையும் 108 என்று எண்ணிக் காட்டியவரையும் மதிப்பீட்டாளர் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை.

இந்த எண்ணிக்கையிலேயே ஒரு குழி இருக்கிறது. சல்மனெல்லாப் பரிசோதனை 25 கிராம் மாதிரியில் அது இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே சொல்லும், வழமையான முறையில் ஐந்து நாள்வரை எடுக்கும். உங்கள் மிளகில் முதலிலேயே சல்மனெல்லா இல்லாவிட்டால், நீராவிக்குப் பிறகும் "இல்லை" என்று வருகிற அறிக்கை எதையும் நிரூபிக்காது. இப்படியான இடத்தில், நோய் உண்டாக்காத, ஆனால் சூட்டுக்கு அதேபோல் தாங்கும் ஒரு நுண்ணுயிரை ஆய்வுகூடத்தில் மிளகில் ஏற்றி, எவ்வளவு செத்தது என்று எண்ணுவார்கள். அதை ஆய்வுகூடத்துக்குள்ளேதான் செய்ய வேண்டும், தொழிற்சாலைக்குள் ஒருபோதும் கொண்டுபோகக்கூடாது. இந்த ஒரு பந்தி விண்ணப்பத்தில் இருந்தால், விடயம் தெரிந்தவர் எழுதியது என்று வாசிப்பவருக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்று: பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சான அஃப்ளாடொக்சினை நீராவி அழிக்காது. அந்தச் சூட்டுக்கு அது அசையாது. மிளகுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை அஃப்ளாடொக்சின் பி1க்கு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்தத்துக்கு 10. பூஞ்சணம் பிடிக்காமல் காயவைத்துச் சேமிப்பதுதான் அதற்கு வழி. "எங்கள் இயந்திரம் எல்லா மாசையும் நீக்கும்" என்று எழுதிய ஒரு வரி முழு விண்ணப்பத்தின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பும்.

எந்த ஆய்வுகூட அறிக்கையும் செல்லுமா?

அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தைக் கேட்பார்கள். ஆனால் அங்கீகாரம் ஆய்வுகூடத்துக்கு முழுதாகக் கொடுக்கப்படுவதில்லை, ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியே கொடுக்கப்படுகிறது. நீரில் ஈயம் பார்க்க அங்கீகாரம் உள்ள இடத்துக்கு மசாலாவில் சல்மனெல்லா பார்க்க இல்லாமல் இருக்கலாம். கொட்டேசன் எடுக்கும்போதே அங்கீகாரப் பட்டியலையும் கேட்டு, உங்கள் பரிசோதனையும் பொருளும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வரவுசெலவில் எதை மறந்துபோகிறார்கள்?

முதலில் ஊழியர் செலவு. மாதம் 120,000 ரூபா சம்பளம் என்றால் தொழில் கொடுப்பவர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் போட வேண்டும். உண்மைச் செலவு 138,000. அந்த ஊழியர் தன் நேரத்தில் 40 வீதத்தையே இந்த வேலைக்குத் தருகிறார் என்றால் கோரக்கூடியது 55,200. முழுச் சம்பளத்தையும் கோரி, நேரப் பதிவேட்டில் 40 வீதம் காட்டினால் வித்தியாசம் திருப்பி வெட்டப்படும்.

அடுத்தது வற் வரி. 20 லட்சம் கருவிக்கு 18 வீதம் என்றால் 3.6 லட்சம். நீங்கள் வற் பதிவு பெற்று அந்த வரியை மீளப் பெறக்கூடியவர் என்றால் மானியத்தில் அதைக் கோரமுடியாது. பதிவு இல்லையென்றால் அது உங்கள் செலவு, திட்டம் அதை ஏற்குமா என்று வழிகாட்டியில் பாருங்கள். இறக்குமதிக் கருவியானால் சுங்கத் தீர்வையையும் ரூபாவின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். டொலர் விலையை எந்தத் திகதியின் மாற்று விகிதத்தில் ரூபாவாக்கினீர்கள் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

காணி, வாகனம், வழமையான கட்டட வாடகை, கடன் வட்டி, பழைய நட்டம் ஆகியவற்றை எழுதவே வேண்டாம்.

மானியம் 50 வீதம் என்றால் பாதிப் பணம் கையில் இருந்தால் போதுமா?

போதாது. மனம் நொந்து திட்டத்தைப் பாதியில் விடுகிறவர்கள் விழுகிற இடம் இதுதான், ஆகவே கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள்.

மொத்தச் செலவு 80 லட்சம், மானியம் 40 லட்சம், காலம் ஒரு வருடம். மானியத்தில் 20 வீதம், அதாவது 8 லட்சம், முற்பணம். மீதி, அறிக்கை கொடுத்துச் சரிபார்த்த பிறகு. கருவி முதலில் வாங்குவதால் முதல் ஆறு மாதத்தில் 45 லட்சம் போய்விடும். ஆறாம் மாத முடிவில் அறிக்கை கொடுக்கிறீர்கள். சரிபார்த்துப் பணம் வர ஒன்பதாம் மாதம் ஆகிறது என்று வையுங்கள். அதற்கிடையில் வேலை நிற்காது, இன்னும் 17.5 லட்சம் செலவாகிவிட்டது. மொத்தம் 62.5 லட்சம் வெளியே, 8 லட்சம் உள்ளே. உங்கள் பங்கு 40 லட்சம் என்று நினைத்தீர்கள், ஆனால் அன்றைக்கு உங்கள் பையிலிருந்து போயிருப்பது 54.5 லட்சம்.

அந்த மேலதிக 14.5 லட்சத்தை 14 வீத வட்டிக்கு ஆறு மாதம் எடுத்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் வட்டி, அதை மானியம் ஏற்காது. கடைசி 10 வீதத்தை இறுதிக் கணக்காய்வு முடியும்வரை பிடித்து வைக்கிற திட்டமென்றால் இன்னொரு 4 லட்சம் தாமதமாகும்.

இதே மாதிரி மாதம் மாதமாக ஓர் அட்டவணை போட்டு, மிகவும் பள்ளமான மாதத்தைக் கண்டுபிடித்து, அந்தத் தொகைக்கு வங்கியிடம் மேலதிகப் பற்று வசதியை விண்ணப்பிக்கும்போதே பேசிவையுங்கள். வங்கிக் கடிதத்தை விண்ணப்பத்தோடு இணைத்தால் அது உங்களுக்குப் பலம். முடியாவிட்டால் திட்டத்தைச் சிறிதாக்குங்கள். கருவியை வாங்காமல் வாடகைக்கு எடுப்பதாலேயே பள்ளம் பாதியாகக் குறையலாம்.

விண்ணப்பித்துவிட்டு வேலையைத் தொடங்கலாமா?

ஒப்பந்தத் திகதிக்கு முன் செய்த செலவு பொதுவாக ஏற்கப்படாது. ஒரு நாள் முந்திய விலைப்பட்டியலும் வெட்டுப்படும். கொட்டேசன் எடுங்கள், பங்காளியோடு பேசுங்கள், கொள்வனவுக் கட்டளை மட்டும் கொடுக்காதீர்கள்.

என் யோசனையைத் திருடிவிடமாட்டார்களா?

மதிப்பீட்டாளர்கள் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்கள். என்றாலும் பாதுகாப்பை உங்கள் கையில் வைத்துக்கொள்வதே நல்லது. டி.ஆர். விஜேவர்தன மாவத்தை சமாகம் மெதுரவில் கம்பனிப் பதிவாளரும் தேசிய புலமைச் சொத்து அலுவலகமும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் இரண்டு வேலையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில், கண்டுபிடித்தவரே தன் கண்டுபிடிப்பை வெளியிட்டிருந்தால், ஒரு வருடத்துக்குள் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்க இடமுண்டு. இதை நம்பிக் கண்காட்சியில் காட்டிவிட்டுப் பிறகு ஐரோப்பாவில் விண்ணப்பிக்கப் போனால், அங்கே அப்படியான சலுகை இல்லை, புதுமை போய்விட்டது என்பார்கள். ஏற்றுமதி எண்ணம் இருந்தால் முதலில் விண்ணப்பம், பிறகு கண்காட்சி. இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வெளிநாட்டு விண்ணப்பத்தைப் போட்டால் முதல் திகதியின் முன்னுரிமை அங்கும் கிடைக்கும். மானிய விண்ணப்பத்தில் என்ன விளைவு வரும் என்பதை எழுதுங்கள். துல்லியமான அமுக்கத்தையும் நேரத்தையும் எழுதத் தேவையில்லை.

தமிழில் விண்ணப்பிக்கலாமா?

தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி, அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். விஞ்ஞானப் பகுதியை வாசிக்கும் மதிப்பீட்டாளர் குழுவுக்கு ஆங்கிலப் படிவமே போவது வழக்கம் என்பதால், அந்தப் பகுதியை ஆங்கிலத்தில் கொடுப்பது நடைமுறையில் உங்களுக்கு நல்லது. ஆனால் முதலில் தமிழில் சிந்தித்து எழுதுங்கள். கேள்வி என்ன, ஏன் தெரியாது, எப்படிக் கண்டுபிடிப்போம் என்பதைத் தமிழில் ஆறு வரியில் சொல்லமுடியாவிட்டால் ஆங்கிலமும் அதைக் காப்பாற்றாது.

ஆலோசகர் ஒருவர் 10 வீதம் கேட்கிறார். கொடுக்கலாமா?

எழுதிய வேலைக்கு நிலையான கட்டணம் கொடுங்கள், கிடைக்கிற மானியத்தில் வீதம் கொடுக்காதீர்கள். அந்த வீதத்தை மானியக் கணக்கில் காட்டமுடியாது. "உள்ளே ஆள் இருக்கிறது" என்று சொல்பவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நிராகரித்துவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் மதிப்பீட்டாளர் கருத்தை எழுத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் உங்கள் விண்ணப்பத்துக்குரிய புள்ளிகளையும் கருத்துகளையும் கோரலாம். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மற்றக் கம்பனிகளின் வியாபார இரகசியத்தைக் கேட்டால் மறுப்பார்கள், அதே விதிவிலக்கு உங்கள் இரகசியத்தையும் காக்கிறது.

கருத்து வந்தபின் கோபம் ஆற ஒரு வாரம் விட்டுவிட்டு வாசியுங்கள். "புதுமை போதாது" என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் ஏற்கெனவே செய்யப்பட்ட ஆய்வுகளை நீங்கள் காட்டவில்லை என்று அர்த்தம். மற்றவர்கள் எதுவரை போனார்கள் என்று காட்டினால்தான் நீங்கள் எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்று தெரியும்.

ஆய்வு தோற்றால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

சொன்ன வேலையைச் செய்து, பதிவு வைத்து, "முடியவில்லை" என்று நிரூபித்தால் அது நேர்மையான ஆராய்ச்சி முடிவு. அதற்காகப் பணம் திரும்பக் கேட்கப்படுவதில்லை. வேலையைச் செய்யாமல் விட்டது, அனுமதியின்றித் திட்டத்தை மாற்றியது, பணத்தை வேறு வேலைக்குத் திருப்பியது ஆகியவற்றுக்கே திரும்பக் கேட்பார்கள். மூன்று வெப்பநிலையில் ஒன்று சரிவராது என்று நான்காம் மாதத்திலேயே தெரிந்தால், உடனே கடிதம் எழுதி மாற்ற அனுமதி கேளுங்கள். பன்னிரண்டாம் மாத அறிக்கையில் முதன்முதலாகச் சொல்லாதீர்கள்.

என்னென்ன ஆவணங்களை வைத்திருக்க வேண்டும்?

திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு திறவுங்கள். ஒவ்வொரு கொள்வனவுக்கும் மூன்று கொட்டேசன், ஏன் இதைத் தெரிந்தீர்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பு, கட்டளை, பொருள் பெற்ற குறிப்பு, விலைப்பட்டியல், காசோலைப் பிரதி, பற்றுச்சீட்டு, வங்கிக் கூற்றில் அந்த வரி. இவை ஒரே இலக்கத்தோடு ஒரே உறையில் இருக்க வேண்டும். பொதுப்பணம் என்பதால் 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தின் கீழ் கணக்காய்வாளர் நாயகத்தின் பார்வை மானியம் தருகிற நிறுவனத்தின் மீது இருக்கிறது. அவர்கள் உங்களிடம் கறாராகக் கேட்பது அதனால்தான்.

அடிக்கடி மாட்டுவது இரண்டு. மூன்று கொட்டேசனும் ஒரே குடும்பத்துக் கடைகளிலிருந்து வந்திருப்பது ஒன்று. நேரப் பதிவேட்டை வருட முடிவில் ஒரே பேனையால் உட்கார்ந்து நிரப்புவது மற்றது, அதில் போயா தினத்திலும் எட்டு மணித்தியாலம் வேலை விழுந்திருக்கும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்த வாரத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள்.

வரி, கணக்குப் புத்தகம்?

உங்கள் கணக்காளரிடம் எல்.கே.ஏ.எஸ். 20 என்று சொன்னால் புரியும், அரச மானியத்தைக் கணக்கில் காட்டும் நியமம் அது. கருவிக்குக் கிடைத்த மானியத்தை வந்த வருடமே இலாபமாகக் காட்டாமல், கருவியின் ஆயுள் முழுவதும் பரப்ப வேண்டும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் ஆராய்ச்சி, அபிவிருத்திச் செலவைக் கழிக்க இடம் தருகிறது. மானியம் ஏற்ற பகுதியையும் சேர்த்துக் கழித்தால் ஒரே செலவை இரண்டு தடவை கோரியதாகிவிடும்.

வெளிநாட்டு நிதி உண்டா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப், 2021 முதல் 2027 வரையான திட்டம், இலங்கை நிறுவனங்களுக்கும் நிதி தரும் பட்டியலில் நம்மை வைத்திருக்கிறது. தனியே போகமுடியாது. பொதுவாக மூன்று வெவ்வேறு நாடுகளின் மூன்று நிறுவனங்கள் இருக்க வேண்டும், ஒன்று உறுப்பு நாட்டிலும் மற்ற இரண்டும் வேறு உறுப்பு நாடுகளிலோ, ஒப்பந்தம் மூலம் இந்தத் திட்டத்தில் சேர்ந்த இணை நாடுகளிலோ. அவற்றோடு நான்காவதாக நீங்கள் சேரலாம். ஆராய்ச்சி வகைத் திட்டத்தில் செலவு 100 வீதமும், புத்தாக்க வகையில் இலாப நோக்குள்ள கம்பனிக்கு 70 வீதம்வரையும் ஏற்கப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி இணையத்தளத்தில் கம்பனியைப் பதிந்தால் ஒன்பது இலக்க எண் ஒன்று கிடைக்கும். அழைப்பு வருமுன்னரே அதை எடுத்துவைத்து, உங்களிடம் மிளகு வாங்கும் ஐரோப்பியக் கொள்வனவாளரிடம் அங்கே அவருக்குத் தெரிந்த ஆய்வுகூடம் எது என்று கேட்டுப் பாருங்கள்.